பத்திரமா இருக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நியூஜெர்ஸியிலிருந்து அக்கா போன் செய்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள். இரண்டு, அவளுக்கு ஏதோ வேண்டும்.

இந்தத் தடவை இரண்டாவது.

"டேய், பொண்ணுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. அம்மா லாலி பாடின கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு சொன்னியே, அது இருக்கா? ஃபங்ஷன்ல போடணும்."

"பத்திரமா இருக்கு" என்றேன்.

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிக தடவை சொல்லப்படும் பொய் எது என்று போட்டி வைத்தால், 'இதோ வந்துட்டே இருக்கேன்'-க்கு அடுத்த இடம் இதற்குத்தான். வீட்டுப் பத்திரம்? பத்திரமா இருக்கு. பையனின் பர்த் சர்டிபிகேட்? பத்திரமா இருக்கு. எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். 2004-ல் நானே பதிவு செய்த ஸி.டி. கிடைத்தது. விரலால் தொட்டேன். வெள்ளிப் பூச்சு பொரித்த அப்பளம் மாதிரி பொரபொரவென்று உதிர்ந்தது. அடுத்து ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரில் சொருகினால் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தது. கடிகாரமாகப் பார்த்தால் நல்ல கண்டிஷன்.

கடைசியில் ஒரு பென் டிரைவில் இரண்டு பைல்கள் அகப்பட்டன. ஒன்றின் பெயர் 'அம்மா லாலி ஃபைனல்'. மற்றது 'அம்மா லாலி ஃபைனல் புதுசு'. முதலாவது 3 நிமிஷம் 50 விநாடி. இரண்டாவது 4 நிமிஷம் 10 விநாடி, அதில் கடைசி 20 விநாடி தவளைக் கச்சேரி. இதில் எது அசல்? எதில் நான் கை வைத்தேன்? சத்தியமாக ஞாபகமில்லை.

இதில் பெரிய வேடிக்கை என் உத்தியோகம். தி.நகர் வெங்கடநாராயணா ரோடில் ஓர் ஆபீஸ். மற்றவர்களின் காகிதங்களை ஸ்கேன் பண்ணி, காலகாலத்துக்கும் காப்பாற்றித் தருகிறோம் என்று சொல்லிக் காசு வாங்குகிறோம். அந்த டிபார்ட்மென்டுக்கு அடியேன்தான் இன்சார்ஜ்.

அம்மா 2009-ல் போய்விட்டாள். மறுபடி பாடச் சொல்ல முடியாது. அடையாறிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் சித்ரகுளம் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி. அன்றைக்கு டேப்ரிக்கார்டரில் சிவப்புப் பட்டனை அமுக்கியவர்.

மாமா ஒரு வங்கியில் 31 வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்டில் இருந்து ரிடையர் ஆனவர். சொல்லாமல் கொள்ளாமல் பிராஞ்சுக்குள் நுழைவார். காபி சாப்பிட மாட்டார். முதல் வேலையாகக் கேஷை எண்ணுவார். அப்புறம்தான் "நமஸ்காரம்".

"என்னடா, மூஞ்சி ரிடர்ன் ஆன செக் மாதிரி இருக்கு?"

சொன்னேன். வந்த விஷயத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தப்பு செய்தவன் கொஞ்சம் அறிவைக் காட்டிச் சமாளிப்பது உலக வழக்கம். "இதுக்கெல்லாம் இப்போ ஸ்டாண்டர்டே இருக்கு மாமா. ஐ.எஸ்.ஓ. 16363" என்று ஆரம்பித்தேன். ஆபீசில் ஒரு டெண்டருக்காகப் படித்தது.

உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் தகவல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவோம் என்று சொல்லும் காப்பகங்களை வெளியாட்கள் வந்து ஆடிட் பண்ணி, 'ஆமாம், இவர்களை நம்பலாம்' என்று சர்டிபிகேட் கொடுப்பதற்கான விதிமுறை அது. 2012-ல் வந்தது. நூற்றுக்கு மேல் அயிட்டங்கள். மூன்று பாகம். ஸ்தாபனம் எப்படி? பைல்களை எப்படிக் கையாளுகிறார்கள்? மிஷின்களும் பாதுகாப்பும் எப்படி? ஒவ்வொன்றுக்கும் வாய் வார்த்தை செல்லாது. ஆதாரம் காட்ட வேண்டும்.

இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு, ஐ.எஸ்.ஓ. 14721. காப்பகம் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. அதைத் தயாரித்தவர்கள் லைப்ரரிக்காரர்கள் இல்லை. பல நாட்டு விண்வெளி ஸ்தாபனங்கள் கூடி எழுதியது. அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. 1969-ல் அப்போலோ 11 நிலாவில் இறங்கிய காட்சியின் மூல டேப்புகளைத் தேடு தேடென்று தேடிய நாஸா, அவை அழிக்கப்பட்டு வேறு எதற்கோ மறுபடி உபயோகப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் ஒப்புக்கொண்டது. கல்யாண கேசட் மேல் கிரிக்கெட் மேட்ச் பதிவு பண்ணியதற்காக என் சித்தப்பாவைப் பத்து வருஷம் திட்டினோம். பாவம், அவர் நாஸா லெவலில்தான் இருந்திருக்கிறார்.

"இந்த ஆடிட்டில் உலகத்திலேயே முதல்ல பாஸ் பண்ணினது யார் சொல்லுங்க?"

"அமெரிக்காக்காரனா?"

"நம்ம டெல்லி மாமா!"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜம்தான். டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் நடத்தும் தேசியக் கலாசார ஒலி-ஒளிக் காப்பகத்துக்கு 2017 நவம்பர் 27-ம் தேதி, இங்கிலாந்திலிருக்கும் பி.டி.ஏ.பி. என்ற அமைப்பு இந்த சர்டிபிகேட்டைக் கொடுத்தது. உலகத்தில் முதலாவது. அதற்கான சாஃப்ட்வேர் புனே ஸி-டாக் தயாரித்த 'டிஜிட்டாலயா'. அமெரிக்க அரசாங்கத்தின் பிரசுர அலுவலகம் தன் 'கவ்இன்ஃபோ' காப்பகத்துக்கு இதே சர்டிபிகேட்டை வாங்கியது ஒரு வருஷம் கழித்து, 2018 டிசம்பரில்.

"அங்கே என்ன வெச்சிருக்கா?"

"பாட்டு, கூத்து, பேச்சு... நாடு பூரா பழைய ஒலிநாடாவும் வீடியோவும்."

"அதாவது, உங்கம்மா பாட்டு மாதிரி."

"...ஆமாம் மாமா."

"சரி. உன்னை ஆடிட் பண்ணிடலாமா?" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாமி காபி கொண்டு வந்தாள். "அப்புறம்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் கேள்வி: "உனக்கு அப்புறம் யாரு?"

உயில் விஷயமாகக் கேட்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. "நீ போயிட்டா இந்த பைலை யார் பார்த்துப்பா? எழுதி வெச்சிருக்கியா?" ஸ்டாண்டர்டில் முதல் பாகத்திலேயே இந்தக் கேள்வி உண்டு. காப்பகம் மூடப்பட்டாலோ, பணம் நின்று போனாலோ சரக்கு யாரிடம் போகும்? அதற்கு எழுத்தில் திட்டம் இருக்கிறதா?

"ஆர்பத்நாட் கேள்விப்பட்டிருக்கியோ?" என்றார் மாமா. வங்கிக்காரர்களுக்கு அது ராமாயணம் மாதிரி. மெட்ராஸில் பெரிய பெயர் வாங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி. 'ஆர்பத்நாட்டில் போட்டிருக்கேன், பத்திரமா இருக்கு' என்று எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கின. 1906 அக்டோபரில் திவால். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். போன பணம் போனதுதான். அந்த அடியில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்கள் முயற்சி எடுத்து, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி ஆரம்பமானது.

"பேரைப் பார்த்து நம்பினா அப்படித்தான். புஸ்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லணும்."

நல்ல உதாரணங்களும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. உ.வே.சாமிநாதையர் 1942-ல் காலமானார். அவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகளின் கதி என்ன? அடுத்த வருஷமே ருக்மிணி தேவி அருண்டேல் அவர் பெயரில் நூல் நிலையத்தை ஏற்படுத்தினார். பெசன்ட் நகரில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுசு பூராவும் சேர்த்த புத்தகங்கள், பத்திரிகைகள், நோட்டீசுகள்... அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கப்பலேற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்றைக்குத் தரமணியில் போய்ப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும், அப்புறம் யார் என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் முன்வந்தார். யாராவது முன்வருவார்கள் என்று சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் ஸ்டாண்டர்ட்.

இரண்டாவது கேள்வி: "சரக்கு உள்ளே வந்தப்போ என்ன எழுதி வெச்சே?"

"அப்படின்னா?"

"கேசட் எந்த தேதி, யார் கொடுத்தா, எந்த மிஷின்ல ஓட்டினே, அப்புறம் அதுல என்ன மாத்தினே? வீடு வாங்கினா வில்லங்கம் போட்டுப் பார்க்கறோமா இல்லியா? யார்கிட்டேருந்து யாருக்குக் கை மாறித்துன்னு. அது மாதிரி."

"ஒரு பைல்ல இரைச்சலை எடுத்தேன்னு நினைக்கிறேன் மாமா."

"நினைக்கிறியா?" என்று எதையோ எழுதிக்கொண்டார்.

மூன்றாவது: "நேத்து வெச்சதேதான் இன்னிக்கும் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் தெரியும். குஷியாகச் சொன்னேன். எந்த பைலையும் ஒரு கணக்கு வழியாக ஓட்டினால் 64 எழுத்தில் ஒரு கைரேகை வரும். பைலுக்குள் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மொத்தமாக மாறிவிடும். முதல் நாள் குறித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது ஓட்டிப் பார்த்தால், கெட்டுப் போனதா, யாராவது கை வைத்தார்களா என்று தெரிந்துவிடும்.

"பேஷ். டே புக்கிலே கூட்டுத்தொகை சரி பார்க்கற மாதிரி. நீ குறிச்சு வெச்சியா?"

"..."

மறுபடி எழுதிக்கொண்டார்.

நாலாவது: "எத்தனை காப்பி?"

"மூணு!" என்றேன் பெருமையாக. "ஸி.டி., ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ்."

"எங்கே?"

"பீரோவில்."

"மூணும்?"

"ஒரே தட்டில்."

2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது என் சிநேகிதர் ஒருவருக்குக் கோட்டூர்புரத்தில் கிரவுண்ட் ஃப்ளோர். எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ் வைத்திருந்தார், அசலோடு சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டியில். ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் கிரயப் பத்திரத்தையும் டிகிரி சர்டிபிகேட்டையும் வடாம் மாதிரி காய வைத்துக்கொண்டிருந்தார். காப்பிகள் தனித்தனி ஊரில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வடாம் ஜோக் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது: "இருபது வருஷம் கழிச்சு அதைத் திறக்க ஆள் இருக்குமா?"

பைல் இருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கிற மிஷின், சாஃப்ட்வேர், புரிந்துகொள்கிற ஆள் எல்லாம் வேண்டும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் நெடில் வித்தியாசமும் பல இடத்தில் தெரியாது. ஏடு கையில் இருந்தும், அதைப் படிக்கிற வித்தை தெரியாதவனுக்கு அது வெறும் பனை ஓலை. உ.வே.சா. மாதிரி ஒருவர் உட்கார்ந்து பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர வேண்டியிருந்தது. அவரே கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, பழுதான ஏடுகளைத் தீயில் போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிக்க ஆளில்லாத ஓலை அவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆடிட் முடிந்தது. "மார்க் எவ்வளவு மாமா?"

"பிராஞ்சை மூடச் சொல்லி எழுதுவேன்" என்றார். ஆறின காபியை அதற்கப்புறம்தான் எடுத்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. "சர்டிபிகேட் வாங்கிட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுமா?"

"ஆகாது. நான் 'நல்ல பிராஞ்ச்'னு எழுதிட்டு வந்த இடத்திலேயே அடுத்த வருஷம் கையாடல் நடந்திருக்கு. அதனாலதான் மறுபடி மறுபடி போகணும்."

ஸ்டாண்டர்டும் அதையேதான் சொல்கிறது. ஒரு தடவை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டால் ஆயிற்று என்பதில்லை. நடுநடுவே சோதனை உண்டு. இத்தனை பெரிய ஆடிட்டுக்குச் செலவும் ஜாஸ்தி. இதைவிட எளிதாக 'கோர் ட்ரஸ்ட் சீல்' என்று ஒன்று 2017-ல் வந்தது. பதினாறு நிபந்தனை. தானே பரீட்சை எழுதிக் கொடுக்க வேண்டும். அதே தொழிலில் இருக்கும் வேறு பேர் திருத்துவார்கள். பாஸானால் மூன்று வருஷத்துக்குச் செல்லும். இதில் எனக்குப் பிடித்தது, பாஸானவர்களின் விடைத்தாளை ஊருக்கே தெரியும்படி வெளியிட்டுவிடுவார்கள். நம் காலேஜில் அப்படிச் செய்திருந்தால் எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்!

மாமா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு நீள நோட்டையும் கொண்டு வந்தார்.

டப்பாவுக்குள் கேசட். மேலே மாமாவின் குண்டு குண்டான கையெழுத்து: 'அக்கா. லாலி. 12.3.1992, வியாழன்.' நோட்டில் ஒரு வரி: '2004-ல் பையன் காப்பி பண்ண எடுத்துப் போனான். எட்டு நாள் கழித்துத் திருப்பினான்.' ஐ.எஸ்.ஓ. வருவதற்கு இருபது வருஷம் முன்பே மாமா ஐ.எஸ்.ஓ.!

ஆனால் ஐந்தாவது கேள்வியில் அவரும் மாட்டிக்கொண்டார். டேப்ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகி அல்வாவாக இருந்தது. அடுத்த நாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு ரிச்சி தெருவுக்கு அலைந்தேன். இரண்டு கடையில் என்னை மியூசியத்திலிருந்து வந்தவன் மாதிரி பார்த்தார்கள். மூன்றாவது கடைப் பெரியவர் ஒரு பழைய சாக்லேட் டின்னைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார். "இன்னும் ரெண்டுதான் சார் இருக்கு" என்றார். இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமா பட்டனை அமுக்கினார். அம்மா பாடினாள். 3 நிமிஷம் 50 விநாடி. என் பைலில் இருக்கிற அதே பாட்டு. முடிந்தது.

முடியவில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"போறும்டா, நிறுத்து. அடுப்புல பால் பொங்கறது" என்றாள் அம்மா. மாமா நிறுத்தவில்லை போலிருக்கிறது. எழுந்து போகிற காலடிச் சத்தம். பாத்திரம் இறக்குகிற சத்தம். அப்புறம் தூரத்திலிருந்து, என் பெயரைச் சொல்லி, "சாப்பிட வாடா, ரசம் ஆறிடும்!" பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கொஞ்சம் கோபமாக.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2004-ல் இதையெல்லாம் வேஸ்ட் என்று வெட்டியது நான்தான். முதலில் 20 விநாடி விட்டு வெட்டினேன். அப்புறம் அதையும் சுத்தமாக எடுத்தேன். அதற்குத்தான் 'ஃபைனல்' என்று பெயரும் வைத்தேன். வெட்டும்போது அம்மா பக்கத்து ரூமில்தான் இருந்தாள், எதற்கோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டு. அன்றைக்கு அது எனக்கு இரைச்சல்.

எது இரைச்சல், எது சரக்கு என்று வைக்கிறவனுக்கு அன்றைக்குத் தெரியாது. அதனால்தான் அந்த நூறு சொச்சம் கேள்விகளில், வந்ததை வந்தபடி வை, மாற்றினால் எழுதி வை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். படிக்கும்போது கொட்டாவி வந்த இடம் அது.

கேசட் முழுவதையும், 6 நிமிஷம் 40 விநாடி, ஒரு விநாடி வெட்டாமல் ஏற்றி அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "மூணு தடவை கூப்பிட்டிருக்கா, ஒரு தடவையாவது பதில் சொல்லக் கூடாதாடா?" என்றாள். வளைகாப்பில் அந்த ரசத்தையும் சேர்த்தே போடப் போகிறாளாம்.

இப்போது ஒரு காப்பி அடையாறில், ஒன்று மயிலாப்பூரில், ஒன்று நியூஜெர்ஸியில். கேசட்டை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தபோது ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்புறம் என் பெண் என்று அதிலேயே எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். 64 எழுத்துக் கைரேகையை நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டார். மாதம் முதல் தேதி காலையில் போன் வருகிறது. "ம், படி" என்கிறார். நான் இங்கே கம்ப்யூட்டரில் ஓட்டி, "ஏழு... ஏ... ஒன்பது... ஸி..." என்று படிக்கிறேன். மாமா அங்கே ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் நான் லாட்டரி நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஆபீசில் ஒரு கஸ்டமர் வந்திருந்தார். ஆறு வருஷம் முன்னால் கொடுத்த பைல்களைப் பற்றி விசாரித்தார். "சார், எல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

"உட்காருங்க சார். பார்த்துச் சொல்றேன்."